மூலை மாறிய செவ்வாய்

யாராவது எதையாவது என் போனுக்கு அனுப்பினால், திறக்கப் போகும்போது ஒரு சின்னக் கட்டம் எழும்பி வந்து கேட்கிறது: இதை எதில் திறக்கட்டும்? இந்த ஒருமுறை மட்டுமா, எப்போதுமா? முழுக்க வாசிப்பதற்குள் என் கட்டைவிரல் எதையோ அமுக்கியிருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் அமுக்கிய பிறகுதான் கேள்வி வரும். எதற்குச் சரி சொன்னோம்? எங்கே எது மாறிப்போயிருக்கும்? என் மகள் சிரிக்கிறாள். ஒரு ஃபைலைத் திறக்க இத்தனை பயமா என்கிறாள். அவளிடம் நான் இதுவரை சொல்லாத கதை ஒன்று உண்டு. அவள் பெரியம்மாவைப் பற்றியது, அதாவது என் அக்காவைப் பற்றியது.

எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், ஒரு லேத் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஃபேன். ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் இருக்கும், எங்களைப் பார்த்து அல்ல. பட்டறையில் மோட்டாரைப் போட்டால் எங்கள் திரை ஒரு நடுக்கம் நடுங்கி அடங்கும். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பட்டறைகளுக்கு லெட்டர்பேடு, காதுகுத்துப் பத்திரிகை, மனு என்று எல்லாம் அடித்தோம். ஆனால் ஆவணி நெருங்கினால் மற்ற வேலை எல்லாம் ஓரங்கட்டப்படும். கல்யாணத்துக்குக் காத்திருக்கிறவர்களின் பயோடேட்டாதான். ஒரே தாளில் மேலே பெயர், படிப்பு, குடும்ப விவரம். கீழே ராசிக்கட்டமும் அம்சக்கட்டமும்.

இதில்தான் சூட்சுமம். அந்தக் காலத்து மெஷினில் எழுத்து அடிக்கிற புரோகிராம் வேறு, படம் வரைகிற புரோகிராம் வேறு. கட்டங்களைப் படம் வரைகிறதில் கோடு போட்டு, ‘சூ’, ‘சந்’, ‘செவ்’ என்று கிரகங்களை உட்கார வைத்துச் சேமிக்க வேண்டும். பிறகு எழுத்துப் பக்கத்துக்கு, அதை லெட்டர் என்றுதான் சொல்வோம், வந்து அந்தப் படத்தை அழைக்க வேண்டும். அழைப்பதிலும் இரண்டு வழி இருந்தது. படத்தை அப்படியே உள்ளே ஒட்டிவிடலாம். அல்லது லிங்க் மட்டும் கொடுக்கலாம்.

“உள்ள ஒட்டாதம்மா,” என்றார் அண்ணாச்சி முதல் நாளே. “ஃபைலு பெருத்துப் போவும். மெஷினு மூச்சு வாங்கும். லிங்க் குடு, போதும்.”

லிங்க் கொடுத்தால் லெட்டருக்குள் படம் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும் இருக்கும். திறக்கிறபோதெல்லாம் லெட்டர் அந்த விலாசத்துக்குப் போய், அங்கே இருப்பதைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டும். லெட்டரில் தெரிகிற கட்டத்தை இரண்டு தட்டு தட்டினால், வரைகிற புரோகிராம் தானே கிளம்பி வந்து அந்தக் கட்டத்தோடு முன்னால் நிற்கும். மாற்றிச் சேமித்து மூடினால் லெட்டரிலும் மாறியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு புரோகிராம் இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, அதுவும் என்னவென்று கேட்டு வருகிறது! அன்று சாயங்காலம் டவுனில் எங்கள் வீட்டு மச்சுப்படியில் அக்காவை உட்காரவைத்து இதையே பேசித் தீர்த்தேன்.

அக்கா நிதானம். நான் பத்து வார்த்தை சொன்னால் அவள் ஒன்று கேட்பாள். “அப்ப லெட்டருக்குப் படம் இருக்க எடந்தான் தெரியும், என்னா? அந்த எடத்துல வேற யாரும் குடி வந்துட்டா?”

“அதெல்லாம் வராது, போக்கா,” என்றேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தாள். பார்க்க லட்சணமாக இருப்பாள், படிப்பு இருந்தது, வேலை இருந்தது. இருந்தும் இருபத்தொன்பது வயதுவரை ஒன்றும் அமையவில்லை. காரணம், அவள் ராசிக்கட்டத்தில் கீழ் வரிசை இடது மூலையில் லக்னம், அதற்கு நேர் எதிரே மேல் வரிசை வலது மூலையில் செவ்வாய். ஏழாமிடத்துச் செவ்வாய். தோஷ ஜாதகம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். தோஷத்துக்குத் தோஷம்தான் சேரவேண்டும், அப்படி வந்தவை எல்லாம் வேறு எதிலோ தட்டிப்போயின. ஜாதகம் வாங்கிப் போகிறவர்கள் “யோசிச்சுச் சொல்லுதோம்” என்பார்கள். அந்த யோசனை முடிந்து யாரும் திரும்பி வந்ததில்லை. எனக்கு இதெல்லாம் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கு அந்தக் கட்டம் மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் பன்னிரண்டு வீட்டிலும் யார் யார் என்று சொல்வாள்.

அந்த வருஷம் ஆடி கடைசியில் அவளுடைய பயோடேட்டாவை நானே அடித்தேன். அவசரப்படாமல், ஒற்றுப்பிழை பார்த்து, கோடு கோணாமல் செய்தேன். ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் காட்டினேன். சரியாக இருந்தது.

அடுத்த வாரம் சுத்தமல்லியிலிருந்து ஒருவர் தன் மகள் ஜாதகத்தோடு வந்தார். வரும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணும் ரோகிணி, அக்காவும் ரோகிணி. பிறந்த வருஷமும் ஒன்று, நாலு மாதம்தான் முந்தி. சனி, குரு, ராகு, கேது எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். புதிதாகக் கட்டம் போடுவானேன் என்று அக்காவின் படத்தையே திறந்தேன். லக்னத்தை மாற்றினேன். சூரியன், புதன், சுக்கிரனை நகர்த்தினேன். செவ்வாயை மேல் வரிசையின் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குக் கொண்டுபோனேன். அம்சத்தில் பாதியை மாற்றினேன். வேறு பெயரில்தான் சேமிக்க நினைத்தேன். ‘சேவ்’ என்று ஒன்று, அதற்குக் கீழேயே புதுப் பெயர் கேட்கிற ‘சேவ் ஆஸ்’ என்று ஒன்று. அவர் வாசலில் நின்று பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் மேலே இருந்ததை அமுக்கினேன். அவருக்கு வேண்டிய தாள் சரியாகவே வந்தது. வாங்கிக்கொண்டு ஓடினார்.

அக்காவின் கட்டம் இருந்த வீட்டில் அந்தப் பெண்ணின் கட்டம் குடியேறிவிட்டது. எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துத் தரகர் பத்துப் பிரதி கேட்டனுப்பினார். அக்காவின் லெட்டரைத் திறந்தேன். திரை நடுவில் ஒரு கேள்வி வந்தது: இதற்கு வெளியே இணைப்புகள் இருக்கின்றன, புதுப்பிக்கவா? இப்போது அந்தக் கேள்வி எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. அன்று வாசிக்கவில்லை. ‘எஸ்’ அடித்தேன். பத்துத் தாள் வந்தது, ஒன்றையும் எடுத்துப் பார்க்கவில்லை. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஒரு தாளை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வாசித்தாள். பிறகு பத்தையும் கவரில் போட்டு அப்பாவிடம் தந்தாள்.

அம்பை என்று நாங்கள் சொல்கிற அம்பாசமுத்திரத்திலிருந்து பதில் வந்தது. மாப்பிள்ளை அங்கே உரக்கடை வைத்திருந்தார், தாயார் மட்டும்தான். தரகர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலிலிருந்து அப்பாவிடம் சொன்னார்: “அண்ணாச்சி, அம்பையில எட்டுப் பொருத்தம் இருக்குங்காவ. சுத்த ஜாதகமாம்! அந்தம்மா கையோட பொண்ணு பாக்க வாரேன்னுட்டாவ.”

சுத்த ஜாதகம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததே இல்லை. பிறகு அப்பாவே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஜோசியருக்கு ஒவ்வொரு கணக்கு, சிலர் அந்தத் தோஷத்தை எடுத்துக்கொள்வதில்லை என்றார். நம்ப ஆசையாக இருக்கும்போது காரணத்துக்கா பஞ்சம்? அம்மா அன்றைக்கே நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அக்காவிடம் மருந்துக்கடையில் எத்தனை மணிவரை வேலை என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம், அம்பையிலும் மருந்துக்கடை இருக்கிறது என்றார். தாயார் அக்கா தலையில் பூ வைத்தார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நாட்களில் அக்காவைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சும்மா சிரித்தாள். என் தலையைப் பிடித்து இழுத்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். கடைக்குப் போகும்போது கண்ணாடி முன்னால் இரண்டு தடவை நின்றாள்.

தரகர் அந்தச் சேதி கொண்டுவந்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள், சுத்தமல்லிக்காரர் இன்னும் இரண்டு பிரதி வேண்டுமென்று வந்தார். எடுத்துக் கொடுத்து அனுப்பிய பிறகு, சரிபார்க்கத் திறந்திருந்த படத்தை மூடப் போனேன். மேல் பட்டையில் ஃபைலின் பெயர் இருந்தது. அக்காவின் பெயர். எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு அக்காவின் லெட்டரைத் திறந்து கட்டத்தை இரண்டு தட்டு தட்டினேன். வரைகிற புரோகிராம் எழுந்து வந்தது. செவ்வாய் இடது மூலையில் இருந்தார்.

என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அண்ணாச்சியிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால்கூடப் போதும். நான் செய்தது, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்து சேரன்மகாதேவி வழியாக அம்பை போகிற பஸ்ஸில் ஏறியதுதான். தப்பு என் கையால் நடந்தது, நான்தான் நேராக்க வேண்டும், நிச்சயத்துக்கு முன்னால் நேராக்க வேண்டும், இன்றைக்கே, இப்போதே. பிறகு தெரிந்து அக்காவை அந்த வீட்டில் வைத்து ஏசினால்? ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று சொன்னால்? பஸ் பத்தமடையில் நின்றது, வீரவநல்லூரில் நின்றது, ஒவ்வொரு ஊரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு ஆற அமரக் கிளம்பியது. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது உட்கார முடியாமல் எழுந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உரக்கடையில் மாப்பிள்ளை மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். “என்ன, தனியா வந்திருக்கிய? வீட்டுல எல்லாரும் சௌகரியந்தான?”

நின்றபடியே கொட்டினேன். லிங்க், விலாசம், சேவ், சுத்தமல்லிப் பெண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதி அவருக்கு விளங்கியிருக்காது. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார், நான் உட்காரவில்லை.

“அப்ப அந்தத் தாளுல இருக்கது உங்க அக்கா கட்டம் இல்ல.”

“இல்ல.”

“அவுகளுக்குச் செவ்வா?”

“ஏழுல.”

அவர் உர மூட்டையில் பிரிந்துகிடந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். “அக்கா அனுப்பிச்சாவளா உங்கள?”

“அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நானா வந்தேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “நான் இதெல்லாம் பெருசா பாக்க மாட்டேன்,” என்றார். “நீங்க சொல்லாம இருந்தா நானும் தெரியாம இருந்திருப்பேன். இப்பத் தெரிஞ்சு போச்சே. இனி எங்கம்மைகிட்ட எப்படி மறைக்க?”

சாயங்காலம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். அப்பா எழுந்தே விட்டார். “ஏட்டி, உன்ன யாரு போவச் சொன்னா? வீட்டுல பெரியவங்கன்னு நாங்க எதுக்கு இருக்கோம்?” அம்மா அழுதாள். அப்பாவுக்குப் பதிலுக்குப் பதில் பேசினேன். பொய் ஜாதகத்தில் கல்யாணம் பண்ணுவீர்களா, நாளைக்கு அசிங்கப்படப் போவது அக்காதானே என்று கத்தினேன். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரம் விளக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதால் அவள் என் பக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தரகர் வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, உட்கார்ந்து, பைய விஷயத்தைச் சொன்னார்.

அதற்குப் பிறகும் சில இடம் வந்தது. முப்பத்துமூன்றாவது வயதில் அக்கா, இனி யாரிடமும் என் தாளைக் கொடுக்கவேண்டாம் என்றாள். தங்கைக்கு முதலில் முடியுங்கள் என்றும் அவளே சொன்னாள். எனக்குச் சுத்த ஜாதகம். மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. மூத்தவள் இருக்க இளையவள் மணையில் உட்கார்ந்ததை ஊர் பேசியது. அக்காதான் முன்னால் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாள். அவளுக்கு வள்ளியூரில் அரசு வேலை கிடைத்தது, அங்கேயே வீடு எடுத்து இருந்துவிட்டாள். நான் மாதம் ஒருமுறை போவேன். போனால் இருப்புக்கொள்ளாது. அவள் அலமாரியை ஒழித்து அடுக்குவேன், மிக்ஸியைக் கழற்றித் துடைப்பேன். தப்பை மறைக்காமல் போய்ச் சொன்னேன், நியாயம் என் பக்கம் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நியாயம் நிஜமாகவே என் பக்கம் இருந்திருந்தால் அதை இத்தனை தடவை சொல்லவேண்டி வந்திருக்காது.

போன மாதம் போயிருந்தபோது கேட்டேவிட்டேன். மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். “அக்கா, அன்னைக்கு நான் அம்பைக்குப் போனது தப்பா?”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். எப்போதும் போல எனக்குத்தான் பொறுக்கவில்லை. “நீ அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே! ஏசியாவது இருக்கலாம்லா. கட்டம் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சதும் எனக்குத் தலைகால் புரியல.”

“எனக்கு நீ தாளு கொண்டு வந்த அன்னைக்கே தெரியும்ட்டி,” என்றாள்.

என் கை நின்றது.

“ஜன்னல்ட்ட வச்சுப் பாத்தேன்லா. செவ்வா வலது மூலையில இல்ல. இடது மூலையில கெடந்துச்சு. என் கட்டம் எனக்குத் தெரியாதா?”

“பெறவு ஏன் சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அவருட்ட நானே சொல்லணும்னு. நிச்சயத்துக்கு மொத நாளு கடைக்குப் போன் போட்டுச் சொல்லிருவோம், அதுவரைக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன். அவரு என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரு.” உரித்த வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கினாள். “சொல்லட்டுமே. எங்கிட்ட சொல்லியிருப்பாருல்லா.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கென்று கேட்பது? தப்பாக அடித்ததற்கா, சரியாகச் சொன்னதற்கா? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெங்காயக் காரத்தில் கலங்கியிருந்த கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“வருத்தம் ஒண்ணும் இல்லட்டி,” என்றாள். “பன்னெண்டு நாளு நான் சுத்த ஜாதகமா இருந்தேன். இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பேன். அவ்வளவுதான்.”